வாய்க்கால் எங்கே போய் முடிகிறது?

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். திருவண்ணாமலை வ.உ.சி. நகரில், மலையடிவார வீட்டின் மேல் பாறையும் மண்ணும் சரிந்து விழுந்தன. 7 உயிர்கள் போயின. அதில் 5 பேர் குழந்தைகள்.

12 நாள் கழித்து கார்த்திகை தீபம். பக்தர்கள் மலையேறத் தடை போட்டார்கள். தீபம் ஏறியது, கூட்டம் வந்தது, போனது. மழைப் பேச்சும் அதோடு போச்சு.

மண்சரிவு வேறு, தெருவில் தண்ணீர் நிற்பது வேறு என்பார்கள். வேறுதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் இரண்டுக்கும் தண்ணீர் இறங்குவது அதே மலையிலிருந்து. 2,600 அடிக்கு மேல் உயரமான மலையை ஒட்டி ஊர் இருந்தால், சரிவில் விழுகிற மழை ஊருக்குள் வந்துதானே ஆகணும்? முன்னோருக்கு இது தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எத்தனை தீர்த்தம், எத்தனை குளம் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் புண்ணியத்துக்கு மட்டும் வெட்டியதா? மலைத் தண்ணீரை வாங்கி நிறுத்தவும்தான்.

இன்றைக்குத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடப்பது என்ன? தெருவுக்கு ஒரு டெண்டர். கான்கிரீட் வாய்க்கால் போடுவாங்க, ஸ்லாப் மூடுவாங்க, பில் பாஸ் ஆகிடும். வாய்க்கால் எங்கே முடியுதுன்னு கேட்டால், அடுத்த தெரு முனையில். அங்கே மட்டம் உயரம். எந்த ஒப்பந்ததாரர் சொன்னாலும் தண்ணீர் மேட்டில் ஏறாது.

ஒரு சின்னக் கணக்கு. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். தெருவில் 50 வீடு இருந்தால் நாலரை லட்சம் லிட்டர், மலைத் தண்ணீர் வந்து சேருவதற்கு முன்பே. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். எத்தனை வீட்டில் குழாய் மட்டும் தொங்குது, குழி தூர்ந்து கிடக்குன்னு நமக்கே தெரியும். நம் தோழர்கள் வீடும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. பலகை மாறினால் போதுமா? அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணையில் முதல் வரியே நகரத் திட்டமிடல்தான். மழைநீர் வடிகாலுக்கென்று ஒன்றிய அரசு 2019இல் தனிக் கையேடே வெளியிட்டது. ஆக, வழி தெரியாத பிரச்சினை இல்லை இது. மட்டம் பார்க்க சர்வேயர் வேண்டும், கணக்குப் போடப் பொறியாளர் வேண்டும், அதற்குத் தனி நிதி வேண்டும். பொறுப்பை உள்ளாட்சியிடம் தள்ளிவிட்டு ஆளையும் காசையும் தராமல் இருப்பது கைகழுவும் வேலை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மலை வனத்துறையிடம். கோயில் குளம் அறநிலையத்துறையிடம். பெரிய ஏரி நீர்வளத்துறையிடம். பெரிய சாலை நெடுஞ்சாலைத்துறையிடம். தண்ணீர் இந்தக் கோப்புகளைப் படித்துவிட்டா இறங்கும்?

நம் கோரிக்கை: மலை உச்சியிலிருந்து அடிவார ஓடை, குளங்கள், சமுத்திரம் ஏரி வரை மழைநீர் ஓடும் பாதையைக் காட்டும் ஒரே வரைபடம். எல்லாத் துறையும் அதில் கையெழுத்திடட்டும். வார்டு வாரியாகத் தமிழில் சுவரில் ஒட்டட்டும். அதன் பிறகு வாய்க்கால் டெண்டர் விடட்டும்.

வரைபடத்தைக் காட்டி அடிவார ஏழைகளை ஊருக்கு வெளியே தூக்கிப் போடும் வேலை மட்டும் வேண்டாம். ஆசைப்பட்டு யாரும் பாறைக்குக் கீழே குடியேறவில்லை. ஆபத்தான இடத்திலிருந்து மாற்றித்தான் ஆகணும் என்றால், வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கொடுங்கள்.

தோழர்களே, 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடக்கத் தொடங்கியது. கிராம சபை மாதிரி நமக்கும் கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கு. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு மழை நாளில் குடையோடு இறங்கி, உங்கள் தெரு வாய்க்கால் முடிகிற இடம் வரை நடந்து போங்கள். போட்டோ எடுங்கள். அதைக் கூட்டத்தில் வைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

#திருவண்ணாமலை #மழைநீர்_வரைபடம்_எங்கே