பட்டப்படிப்புக்கு எத்தனை ஆண்டு?

பழவேற்காடு ஏரியின் நடுவே தீவுபோல் அமைந்து, வெளியுலகத் தொடர்புக்கு நெடுங்காலமாகப் படகையே நம்பியிருந்த பசியாவரத்தில், பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய ஒரு மீனவர் வீட்டுப் பெண், ஏரியைக் கடந்து பழவேற்காட்டில் பஸ் ஏறிப் பொன்னேரி போய்ச் சேர்ந்தால், அந்த ஒரே ஊரில் உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரி மூன்றாண்டுப் பட்டத்தையும், மீன்வளக் கல்லூரி நான்காண்டுப் பட்டத்தையும் அவள் முன் வைக்கின்றன. இரண்டும் இளநிலைப் பட்டந்தான். ஓர் ஊருக்குள்ளேயே இப்படி இருக்கையில், தேசத்துக்குத் தேசம் வித்தியாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால், அந்த வித்தியாசத்தைக் காட்டி நமது மூன்றாண்டுப் பட்டம் தரத்தில் தாழ்ந்தது என்று சொல்லும் அபிப்பிராயம் பலமாகப் பரவி வருவதால், விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு 1857இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையில், நம் தாத்தாக்கள் பள்ளிப் படிப்பு பதினோராண்டு, இன்டர்மீடியட் இரண்டாண்டு, பி.ஏ. இரண்டாண்டு என்று படித்தார்கள். ஐம்பதுகளில் இன்டர்மீடியட் போய், பி.யூ.சி. ஓராண்டும் பட்டம் மூன்றாண்டும் ஆயின. 1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்தபின் பள்ளி பன்னிரண்டு, கல்லூரி மூன்று என்றாயிற்று. எப்படிப் பிரித்தாலும் கூட்டுத்தொகை பதினைந்துதான். இங்கிலாந்தில் பள்ளியில் பதின்மூன்று, கல்லூரியில் மூன்று. அமெரிக்காவில் பன்னிரண்டும் நான்கும். ஸ்காட்லாந்து மாணவன் ஓராண்டு முன்னதாகவே பள்ளியை விட்டு நான்காண்டுப் பட்டத்துக்குப் போகலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கோ, பதின்மூன்றாண்டுப் பள்ளிக்குப் பின் பொதுப் பட்டம் மூன்றாண்டு, சிறப்புப் பட்டம் நான்காண்டு. ஆகவே நம்மிடம் ஓராண்டு குறைவு என்பது மெய்யே. அமெரிக்காவில் சில சர்வகலாசாலைகள் நம் பட்டதாரிகளை மேற்படிப்புக்கு ஏற்கத் தயங்குவதற்கு இதுவே பிரதான காரணம். எனினும், அங்கே முதலிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி இலக்கியம், கணிதம், சரித்திரம் என்ற பொதுப் பாடங்களில் செல்ல, இங்கே தமிழும் ஆங்கிலமும் போக மற்ற நேரமெல்லாம் முதல் நாளிலிருந்தே பிரதான பாடத்துக்குப் போகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1613இல் பழவேற்காட்டில் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் தேசத்து ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. அங்கே ஆராய்ச்சியை நோக்கமாகக் கொண்ட சர்வகலாசாலைப் பட்டம் மூன்றாண்டு. தொழிலுக்குத் தயாரிக்கும் உயர்கல்லூரிப் பட்டமோ நான்காண்டு. உயர்கல்லூரிக்கு வருகிறவர்கள் பள்ளியை ஓராண்டு முன்பே முடித்துவிடுகிறார்கள். கல்லூரியில் கூடும் காலத்தில் கணிசமான பகுதியை வேலைத்தலங்களில் நேரடிப் பயிற்சியில் கழிக்கிறார்கள்.

நம் நாட்டில் டில்லி சர்வகலாசாலை 2013இல் நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டுவந்து மறு ஆண்டே கைவிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதை மீண்டும் கொண்டுவந்ததோடு, ஓராண்டில் நின்றால் சான்றிதழ், இரண்டாண்டில் நின்றால் டிப்ளமோ என்று நடுவழியில் இறங்கவும் வசதி செய்தது. தமிழகம் இதை ஏற்கவில்லை. அது சரியே என்பது என் திடமான கருத்து. கடல்நீர் ஏரிக்குள் வரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்து இறால் வரத்துக் குறைந்துவிட்டால், முறை வைத்து வலை கட்டும் பாடு தம்மிடம் வரும் நாளிலும் வெறுங்கையோடு திரும்பும் தகப்பனார், வீட்டில் முதலில் நிறுத்த நினைப்பது மகளின் படிப்பைத்தான். அந்தச் சமயத்தில், "ஓராண்டு படித்தாயே, சான்றிதழ்தான் கிடைத்துவிட்டதே" என்று சொல்ல அரசாங்கமே ஒரு நியாயத்தைத் தயாரித்துக் கொடுக்கலாமா? அந்தச் சான்றிதழை நம்பி வேலை கொடுக்கப்போகிறவர் யார்? 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் பட்டம் முடியும்வரை மாதம் 1000 ரூபாய் கொடுத்து, நடுவில் நிற்காமல் படிக்கத் தூண்டுகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு உகந்த மார்க்கம் அதுவே.

பதினாறாவது ஆண்டு ஒன்று வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பட்டத்தின் கடைசியில்தான் ஒட்டவேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏன்? மேல்நிலையில் விஞ்ஞானப் பாடங்களை எடுக்காமல் வணிகவியலோ வரலாறோ படித்துவிட்ட மீனவர் பிள்ளைக்கு, கொடுவாயும் மடவையும் களி நண்டும் எந்தப் பருவத்தில் எந்தத் துறையில் அகப்படும் என்பது சிறு வயதிலிருந்தே தெரிந்திருந்தாலும், பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் இடமில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஓராண்டுக் காலம் உயிரியலும் வேதியியலும் கற்பித்து, உபகாரச் சம்பளமும் விடுதியும் கொடுத்து, அந்தக் கல்லூரியின் நுழைவுக்குத் தகுதி பெறச் செய்ய ஓர் ஆயத்த வகுப்பைப் பொன்னேரியிலேயே அரசு தொடங்க வேண்டும்.