சின்னக் கோர்ட்டு என்று ஒன்று இல்லை

சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் ஐந்தாண்டு வேலை பார்த்துவிட்டு, நாமக்கல்லில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் சேர்ந்தேன். அந்த வாரம் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “அங்கே என்ன பிரச்சினை?” வேலை போய்விட்டதோ என்று சித்தி அம்மாவிடம் தனியாக விசாரித்தார். இங்குள்ள வழக்கறிஞர் பெரியவர் ஒருவரே, “ரெண்டு வருசத்துல திரும்பப் போயிரு பாப்பா, இங்க வாய்தாவைத் தவிர ஒண்ணுமில்லை” என்றார்.

இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. நல்ல வக்கீல் மேலேதான் போவார், கீழே வருகிறவர் தோற்றுத்தான் வருவார், பெரிய சட்டமெல்லாம் சென்னையில், மாவட்டத்தில் கிடப்பது சில்லறைத் தகராறு என்று நம் சமூகம் முழுக்க நம்புகிறது. இந்த நம்பிக்கை தவறானது. இதற்கான விலையைக் கொடுப்பவர்கள் வக்கீல்கள் அல்லர், கட்சிக்காரர்கள்.

கொல்லிமலையிலிருந்து வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். செம்மேட்டில் விடியற்காலை பஸ் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, காரவள்ளி வழியாக நாமக்கல் வந்து சேர்ந்தார் ஒரு ஆயா. குமட்டலுக்காகக் கசக்கிய எலுமிச்சம்பழம் அவர் கைக்குள் அப்படியே இருந்தது. மஞ்சள் பையில் ஒரு பத்திரத்தின் நகலும் வரி ரசீதுகளும். “கடனுக்குத்தாம்மா கைநாட்டு வச்சேன். நெலத்த விக்கல” என்றார். பத்திரத்தைப் பிரித்தால் அது கிரயம். சார்பதிவாளர் முன்னிலையில், சாட்சிக் கையெழுத்தோடு, முறைப்படி பதிவானது.

இதைச் சில்லறைத் தகராறு என்பவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தை வாய்மொழிச் சாட்சியத்தால் மாற்ற முடியாது என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. அந்தச் சுவரில் எங்கே கதவு இருக்கிறது? பத்திரம் கிரயமாகச் செயல்படவேண்டும் என்று இரு தரப்பும் எண்ணவே இல்லை, கடனுக்குத்தான் எழுதப்பட்டது என்று நிரூபிப்பதை அந்தப் பிரிவு தடுக்காது என்று கங்காபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் அவ்வளவு தூரம் துணைக்கு வரும். மீதியை நிரூபிக்க வேண்டியது முன்சீப் கோர்ட்டின் சாட்சிக் கூண்டில்.

அங்கே என் சீனியர் எதிர்த்தரப்பைக் கேட்ட கேள்விகள் சட்டப் புத்தகத்தில் இல்லாதவை. நிலத்தில் எத்தனை பலா மரம்? மிளகுக் கொடி எந்த மரத்தில் ஏறியிருக்கிறது? பத்திரம் எழுதிய பிறகு மிளகு பறித்தது யார், கூலி கொடுத்தது யார்? நிலத்தை வாங்கியதாகச் சொன்னவருக்கு அங்கே மிளகு இருப்பதே தெரியவில்லை. பத்திரத்துக்குப் பின்னும் ஆயா கட்டிவந்த வரிக்கான ரசீதுகள் சான்றாவணங்களாகக் குறியீடாயின. முந்தைய வாரம் சீனியர் மலையேறி அந்தக் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சென்னையில் ஐந்தாண்டில் நான் ஒரு சாட்சியைக்கூட விசாரித்ததில்லை. ஒப்பந்தங்களைப் படித்தேன், திருத்தினேன். அதில் கற்றது நிறைய, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதரின் வாயிலிருந்து உண்மை எப்படி வெளியே வருகிறது என்பதை இங்கேதான் பார்த்தேன்.

மேல் கோர்ட்டில் சரிசெய்து கொள்ளலாம் என்ற நினைப்பும் இந்த நம்பிக்கையின் கிளைதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி, இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் கணிசமான சட்டக் கேள்வி இருந்தால்தான் வழக்கைக் கேட்கும். மிளகைப் பறித்தது யார் என்பது அங்கே மீண்டும் கிளறப்படுவது அரிது. கீழே குறியீடு செய்யத் தவறிய ஆவணத்தை மேலே போய்ச் சேர்ப்பதற்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. நாற்றங்காலில் கருகிய பயிரை நடவில் பிழைக்க வைக்க முடியாது. ஒரு வழக்கின் உயிர் முன்சீப் கோர்ட்டில் இருக்கும்போது, திறமையான வக்கீல்கள் எல்லாரும் சென்னையில் இருக்கவேண்டும் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

பெரிய வழக்குகள் மாவட்டத்தில் இல்லை என்பவர்களுக்கு வாச்சாத்தி என்ற ஒரு பெயர் போதும். தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். அங்கே வாழ்வோரும் கொல்லிமலையில் வாழ்வோரைப் போலவே மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்து நடத்திய கொடுமையில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துபோனார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது தருமபுரியில் இருந்த அமர்வு நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசு அலுவலர்கள் இத்தனை பேரைக் கூண்டில் நிறுத்திப் பழங்குடிப் பெண்கள் சாட்சி சொன்னது ஒரு மாவட்ட நீதிமன்றத்தில். மேலே நின்ற அந்தத் தீர்ப்பு, கீழே பதிவான அவர்கள் சொல்லின் மேல் நின்றது.

மொழியையும் பார்க்கவேண்டும். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு 1976 சட்டத்திருத்தம் இடம் கொடுத்தது. தன் நிலத்தைப் பற்றித் தன் முன்னால் என்ன பேசப்படுகிறது என்பது ஆயாவுக்கு இங்கே புரிகிறது. எதிர்த்தரப்பு தவறாகச் சொன்ன இடத்தில் அவர் தலையாட்டி மறுத்தார். சீனியர் அதைக் கவனித்துத்தான் அடுத்த கேள்வியை அமைத்தார்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வருமானம் குறைவு, எனக்கும் குறைந்துவிட்டது. வாய்தாக்கள் உண்மை. ஒவ்வொரு வாய்தாவும் மலையிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் தின்கிறது. உள்ளூர்ச் செல்வாக்கும் சாதியும் கோர்ட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை. ஆனால் இவையெல்லாம் நல்ல வக்கீல்கள் இங்கே வரவேண்டியதற்கான காரணங்கள். பழங்குடியினருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். அந்த உரிமைக்கு எவ்வளவு மதிப்பு என்பது, உதவிக்கு வரும் வக்கீல் எவ்வளவு படித்துவிட்டு வருகிறார் என்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு பேச்சும் எனக்கு வலிக்கிறது. “பெரிய தியாகம் பண்ணிட்டே” என்று சிலர் பாராட்டுகிறார்கள். தோல்வி என்பவர்களும் தியாகம் என்பவர்களும் ஒரே தராசைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆயாவின் இரண்டு ஏக்கர் சிறியது, அதற்காக உழைப்பது நம் தகுதிக்குக் குறைவு என்பது இரண்டு பேச்சுக்கும் அடியில் இருக்கிறது. சேலம் விஜயராகவாச்சாரியார் சேலத்து வக்கீல். 1920-இல் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ராஜாஜி 1900-இல் தொழில் தொடங்கியதும் சேலத்தில்தான். அந்த ஆண்டில் நாமக்கல் சேலம் மாவட்டத்தோடு இருந்தது. மாவட்டத்து வக்கீலாக இருப்பதை அன்று யாரும் தியாகம் என்று சொல்லவில்லை.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கு நிறுவனம் நிறுவனமாக விண்ணப்பிக்கிறீர்கள். ஒரு மாதம் மாவட்டக் கோர்ட்டுக்கு வாருங்கள். ஒரு குறுக்கு விசாரணையை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேளுங்கள்.

ஆயாவின் வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த வாய்தாவுக்கு எங்கள் தரப்புச் சாட்சியாகப் பக்கத்துக் காட்டுக்காரர் வருகிறார். மிளகு பறித்தவர்களில் அவரும் ஒருவர். அவரை முதல் விசாரணை செய்யும் பொறுப்பைச் சீனியர் எனக்குக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் மலையேறுகிறேன்.