ஒரு பிரதி அச்சடிக்கலாம், சரி. யார் வாங்குவது?

உப்பளத்தில் களப்பணி செய்யும் எங்களிடம் கையெழுத்துப் படியோடு வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "புத்தகம் போட எவ்வளவு ஆகும்?" என்பதுதான். செல்பேசியில் ஏதாவது ஒரு சுயபதிப்பு நிறுவனத்தின் விளம்பரத்தைக் காட்டுவார்கள். எழுத்தாளரே இனி பதிப்பாளர் என்கிறது விளம்பரம்.

நமக்கு இது புதிதல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். பண்டிதரின் நூல்களை மறுபதிப்பு செய்து காத்தது கோலார் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை. பிறர் இடம் தராதபோது நம் முன்னோர் தாங்களே அச்சேற்றினார்கள்.

இன்றைய சுயபதிப்பின் கதை வேறு. அமெரிக்காவில் 2002இல் லுலு, பெங்களூரில் 2008இல் போத்தி, சென்னையில் 2012இல் நோஷன் பிரஸ் என்று வளர்ந்த தொழில் இது. ஆஃப்செட் அச்சில் சில நூறு பிரதிகளாவது அடித்தால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் அச்சில் ஆர்டர் வந்த பிறகு ஒரே ஒரு பிரதிகூட அடிக்கலாம். கடன் வாங்கி அச்சடித்து, விற்காத கட்டுகளை வீட்டுப் பரணில் அடுக்க வேண்டியதில்லை. கூலி வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து எழுத வருகிறவருக்கு இது பெரிய விடுதலை. இதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் முதல் என்ற தடை விலகினாலும் மற்றவை அப்படியே நிற்கின்றன. ஒற்றைப் பிரதிக்கு அடக்கவிலை அதிகம். நம் தெருவில் அந்த விலைக்கு வாங்குவோர் குறைவு. பிழைதிருத்தம், அட்டை வடிவமைப்பு, விளம்பரம் என்று தொகுப்புக் கட்டணம் வாங்கும் இடங்களில், புத்தகம் விற்பதற்கு முன்பே வருமானம் எழுத்தாளரிடமிருந்து வந்துவிடுகிறது. வாசகரைத் தேடும் அவசரம் அங்கே யாருக்கு இருக்கும்? நூலகக் கொள்முதல், மதிப்புரை, பாடத்திட்டம், விருது ஆகிய வாசல்களில் பழைய ஆட்களே நிற்கிறார்கள்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தபோது அதைப் போட்டது பெரிய வணிகப் பதிப்பகம் அல்ல, மதுரையின் சமூக ஆய்வு மையம் ஒன்று. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்து, கிராஸ்வேர்ட் விருதும் பெற்றது. பின்னால் நின்ற அமைப்பும் வாசகர்களும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்தே அதைக் கொண்டுசேர்த்தார்கள்.

ஆகவே இளைஞர்களுக்கு நாங்கள் சொல்வது: ஒப்பந்தத்தை முழுதும் படியுங்கள், உரிமையை எழுதிக்கொடுக்காதீர்கள். ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் இலவசமாகவே பெறலாம், அதற்குப் பணம் கட்டாதீர்கள். அச்சுக்குப் போகும் முன் நால்வர் கூடிப் படித்துத் திருத்துங்கள்.

புதுச்சேரி அரசிடம் கேட்பது: 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் முதல் கிளை நூலகங்கள் வரை, தலித் எழுத்தாளர்கள் தாங்களே பதிப்பித்த நூல்களையும் வாங்குங்கள். அச்சகம் இன்று எளிதாகிவிட்டது, நூலக அலமாரி இன்னும் எளிதாகவில்லை.

ஜெய்பீம்.