பின்னணிக்கு ஒரு கோட்டை

யாழ்ப்பாணக் கோட்டையில் இப்ப நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. இசை நிகழ்ச்சி, கண்காட்சி, கலியாண ஆல்பம், சாமத்தியவீட்டு வீடியோ, இதுக்கெல்லாம் மேலால சுத்துற ட்ரோன். பின்னேரத்தில் பண்ணைக் கடற்காத்து வாங்கப் போற சனத்தோடு எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பூட்டிக் கிடந்த இடம் திறந்தது நல்ல விசயம். எங்கட சண்டை, அந்த மதிலுக்குள்ள ‘கலை செய்யிறம்’ எண்டு வாறவர்களோடதான். இடிஞ்ச சுவர் நல்ல ‘லுக்’ தருதாம். அது எப்படி இடிஞ்சது எண்டு கேட்டால் முகத்தைச் சுளிக்கினம்.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டினது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக்கினது. வெளியரண்களை அவர்கள் 1792இல்தான் முடித்தார்கள், 1795இல் சண்டையே பிடிக்காமல் ஆங்கிலேயரிடம் குடுத்துவிட்டுப் போனார்கள். இவ்வளவும் எல்லாருக்கும் மனப்பாடம். மேடையில் அறிவிப்பாளர் சொல்லுற ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ கதையும் இந்த இடத்தோடு நிண்டுவிடும்.

ஆனால் நாங்கள் பழமை எண்டு படம் பிடிக்கிற இடிபாட்டுக்கு வயசு முப்பது சொச்சம்தான். 1706இல் கட்டின ஒல்லாந்தர் தேவாலயம் காலத்தால் தேய்ஞ்சு விழவில்லை. எண்பதுகளில் இந்தக் கோட்டை இராணுவ முகாம். இதுக்குள்ள இருந்துதான் நகரத்துக்கு ஷெல் வந்தது. 1990 ஜூனிலிருந்து செப்டம்பர் வரை புலிகளின் முற்றுகை, மேலால விமானக் குண்டு. அந்தச் சண்டைகளில் போனதுதான் அந்தத் தேவாலயம். இராணுவம் வெளியேறின பிறகு புலிகள் உடைத்தது மிச்சம். 1995 கடைசியில் திரும்பவும் ஆமி. எங்கட அம்மாமார் பங்கருக்குள்ள இருந்து எண்ணின வெடிச்சத்தத்தின் மிச்சத்தில் சாய்ஞ்சு நிண்டுதான் நாங்கள் போஸ் குடுக்கிறம். அதுக்கு முந்தி இது சிறைச்சாலையாகவும் இருந்தது, தூக்குமரமும் இருந்தது. அதை எந்த அழைப்பிதழில் போடுறது?

‘காலியைப் போல வரவேணும்’ எண்டு ஒரு கூட்டம் சொல்லுது. காலிக் கோட்டைக்குள்ள வீடும் பள்ளிவாசலும் சனமும் இருக்கு. அங்கேயே வீடுகள் ஒவ்வொன்றாக விலைப்பட்டு விடுதியாகிக்கொண்டிருக்கு. சனமே குடியில்லாத எங்கட கோட்டை காலியைப் போல வந்தால் விடுதி மட்டும்தான் மிஞ்சும். உதாரணத்துக்குத் தூரப் போகவேண்டாம். 1971 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைத்து வைத்த ஊர்காவற்துறைக் கடற்கோட்டையை இண்டைக்குக் கடற்படை சுற்றுலா விடுதியாக நடத்துது.

‘வெள்ளைக்காரன்ர கோட்டை, எங்களுக்கேன்?’ எண்டு ஒதுங்குறவர்களோடும் எங்களுக்கு ஒத்துவராது. கொத்தளங்களுக்கு ஹொலண்ட், சீலாண்ட் எண்டு பேர் வைத்தது அவன்தான். முருகைக்கல் எங்கட கடலிலயிருந்து வந்தது. அகழ்ந்து பார்த்தபோது போர்த்துக்கேயர் வாறதுக்கு முந்திய காலத்துச் சீன மட்பாண்டத் துண்டுகளும் வந்தது. பறங்கி வர முதலே கப்பல் வந்து போன கரை இது. அதை ஏன் விட்டுக்குடுக்க வேணும்?

‘பாட்டுக் கேக்க வந்த இடத்தில அரசியல் வேண்டாம்’ எண்டு சொல்லுவினம். சரி, வேண்டாம். அப்ப வேற மண்டபத்தில வையுங்கோ, நகரத்தில மண்டபத்துக்கா பஞ்சம்? இந்த மதில்தான் வேணுமெண்டால் அது கண்டதும் சேர்ந்துதான் வரும்.

அடுத்த நிகழ்ச்சி ஒழுங்குபடுத்துறவர்களிடம் எங்கட கேள்வி பெரிசில்லை. பிரதம விருந்தினர் உரைக்கு ஒதுக்குற அரைமணித்தியாலத்தை ஒருக்கா குருநகர்ப் பக்கத்து வயசுபோன ஆக்களுக்குக் குடுங்கோ. தொண்ணூறில கோட்டைப் பக்கமிருந்து என்ன வந்தது, எந்த ஒழுங்கையால ஓடினது, யார் திரும்பி வரேல்லை எண்டு அவர்கள் கதைக்கட்டும். ட்ரோனைக் கொஞ்சநேரம் கீழ இறக்கி வையுங்கோ, சத்தத்தில கேக்காது.