காக்கிக்கும் கறுப்புக் கோட்டுக்கும் நடுவே

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் காக்கிக் கனவுக்குப் பஞ்சமே இல்லை. எஸ்.ஐ. தேர்வு, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு, குரூப் ஒன்று என்று அறைக்கு மூன்று பேர் படித்துக்கொண்டிருப்பார்கள். விடியற்காலையில் மெரினாவில் ஓட்டம், காசிருக்கும் நாளில் ரத்னா கபேயில் சாம்பார் மிதக்கும் இட்லி, மீதிப் பொழுது முழுக்க மாதிரி வினாத்தாள். டிஎன்பிஎஸ்சி அறிவிப்பில் ஒரு எழுத்து மாறினாலும் இவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதே தேர்வாணையம் ஆள் எடுக்கும் ‘நன்னடத்தை அலுவலர்’ பதவியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “அது என்ன போஸ்ட்டுண்ணே?” என்பதுதான் பெரும்பாலும் பதில்.

இத்தனைக்கும் அந்தப் பதவிக்கு ஏற்ற படிப்பு நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் குற்றவியல் துறை 1983-ல் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்கும் ஒரே பின்கோடுதான், 600005.

குற்றவியல் என்றதும் துப்பறிவதும் கைரேகை எடுப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தத் துறையை வளர்த்த பேராசிரியர் கே. சொக்கலிங்கம் வேறொரு பக்கம் பார்த்தவர். திருடனைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிறோம், பொருளைப் பறிகொடுத்தவர் என்ன ஆனார் என்பது அவருடைய கேள்வி. நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் இடம் ‘அரசுத் தரப்பு முதல் சாட்சி’ என்பதோடு முடிந்துவிடுகிறது. கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையில் அடிபட்டு, வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். ஐக்கிய நாடுகள் சபை 1985-ல் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டது. அதையொட்டி இங்கும் பேச்சு எழுந்தது. 1992-ல் பாதிக்கப்பட்டோரியலுக்கென்றே இந்தியச் சங்கம் ஒன்று உருவானது. 1995-ல் தமிழ்நாடு அரசு பாதிக்கப்பட்டோர் உதவி நிதி ஒன்றை ஏற்படுத்தியது. நாடு முழுவதற்குமான இழப்பீட்டுச் சட்டப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009-ன் கடைசி நாளில்தான். சொக்கலிங்கம் பின்னர் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானார். அங்கும் ஒரு குற்றவியல் துறை உண்டு.

படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பாதிக்கப்பட்டவரோடு செய்யும் வேலை எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைப் பார்க்க வேண்டும்.

2001-ல் சென்னையில் தொடங்கப்பட்ட பிசிவிசி என்ற அமைப்பு, குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களுக்காக இயங்குகிறது. இணை நிறுவனர் பிரசன்னா கெட்டு, குற்றவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். தீக்காயங்களோடு உயிர் பிழைக்கும் பெண்களோடு பணியாற்றுவது இந்த அமைப்பின் முக்கியமான பணிகளில் ஒன்று. அந்த வார்டுகளில் வழக்கமாகக் கேட்கும் வாக்கியம், “ஸ்டவ் வெடிச்சிருச்சு.” போலீஸ்காரருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் டாக்டருக்கும் அதே வாக்கியம்தான். பக்கத்தில் கணவன் நிற்கிறான், வீட்டில் குழந்தைகள் அவனிடம்தான் இருக்கின்றன. வேறென்ன சொல்ல முடியும்? பயிற்சி பெற்ற ஆலோசகர் அங்கே போனால், யார் கொளுத்தினார்கள் என்று முதல் நாளே கேட்க மாட்டார். வலி எப்படியிருக்கிறது, சாப்பாடு இறங்குகிறதா, பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்றுதான் பேச்சைத் தொடங்குவார். உண்மை வெளியே வர வாரங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். வழக்கு ஜெயிப்பதை மட்டுமே வெற்றி என்று எண்ணுகிறவர்களுக்கு இது ஒத்துவராத வேலை. இறுகிப்போன கழுத்துத் தோலுக்குப் பிசியோதெரபி, முகத்தை மூடாமல் பஸ்ஸில் போய்வருவது, மறுபடி ஒரு சம்பளம் என்று வெற்றிகள் இங்கே வேறு அளவில் வரும்.

மறுபக்கம், குற்றம் செய்தவரோடு வேலை. இதில்தான் நன்னடத்தை அலுவலர் வருகிறார்.

ஐஸ் ஹவுஸ் பக்கத்துச் சந்து ஒன்றில், பைக் திருடி மாட்டிக்கொண்ட பத்தொன்பது வயதுப் பையனின் வீடு என்று வைத்துக்கொள்வோம். அலுவலர் கதவைத் தட்டுகிறார். “ஸ்டேஷன்ல இருந்தா சார் வர்றீங்க?” என்று அம்மா பதறுகிறார். “இல்லம்மா, கோர்ட்டுக்கு ரிப்போர்ட் கொடுக்கணும். உங்க பையனைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.” பிளாஸ்டிக் நாற்காலி வருகிறது, பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிறது. “அவன் தங்கமான புள்ள சார், சேர்க்கைதான் சரியில்ல.” எல்லா அம்மாக்களும் சொல்வதுதான் இது. கேட்டுக்கொண்டு எழுந்துவிட்டால் அது வெறும் படிவம் நிரப்புதல். எந்தச் சேர்க்கை, எப்போதிலிருந்து, பள்ளிக்கூடத்தை விட்டது எந்த வகுப்பில், அப்பா எங்கே, கடைசியாக வேலைக்குப் போன மெக்கானிக் ஷெட்டில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று இழுத்துக் கேட்டு, ஷெட் முதலாளியையும் பார்த்துவிட்டு வந்தால்தான் அறிக்கை. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-ல் வந்தது. இருபத்தொரு வயதுக்குட்பட்டவரைப் பொதுவாகச் சிறைக்கு அனுப்பக் கூடாது, அனுப்பினால் நீதிமன்றம் காரணத்தை எழுத வேண்டும் என்கிறது அது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. நீதிபதி அந்தப் பையனின் வீட்டைப் பார்க்கப் போவதில்லை, அலுவலரின் அறிக்கையைத்தான் பார்ப்பார். சிறுவர்கள் விஷயத்தில் கெடு இன்னும் கறார். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, இளைஞர் நீதி வாரியத்தின் முன் சிறுவர் முதன்முதலாக நிறுத்தப்பட்டதிலிருந்து பதினைந்து நாளில் சமூக விசாரணை அறிக்கை வந்தாக வேண்டும். அந்த வாரியத்திலேயே மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்கார்கிறார்கள், அவர்களில் குறைந்தது ஒருவர் பெண்.

இதிலெல்லாம் சென்னை முன்னோடி. நாட்டிலேயே முதல் குழந்தைகள் சட்டம் 1920-ல் இங்கேதான் வந்தது. மத்தியச் சட்டத்துக்கு இருபது ஆண்டுகள் முன்பே மதராஸ் மாகாணத்துக்கென்று தனி நன்னடத்தைச் சட்டம் இருந்தது. அப்போது இந்த வேலை வசதியான வீட்டுப் பெரிய மனுஷிகள், பாதிரிமார்கள் செய்யும் தொண்டு. இதற்குப் படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்று மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார். அது இன்றும் எழும்பூரில் நடக்கிறது. தொண்டு தொழிலானது. சம்பளம் மட்டும் தொண்டாகவே நின்றுவிட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் வெளியிடும் ஆள் தேர்வு அறிவிப்புகளைப் பார்த்தால் போதும். மைய நிர்வாகி, வழக்குப் பணியாளர், பல்நோக்கு உதவியாளர் என்று பதவிகள். முதுகலைச் சமூகப் பணி கேட்பார்கள், முன்னனுபவம் கேட்பார்கள், சுழற்சி முறையில் இரவுப் பணி உண்டு என்பார்கள். கீழே, ‘தொகுப்பூதியம்’, ‘முற்றிலும் தற்காலிகமானது’. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளில் குழந்தையோடு கூடவே இருக்கும் ‘ஆதரவு நபர்’ என்று ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். வாய்தா என்றைக்கு என்று சொல்வதும், கோர்ட்டுக்கு அழைத்துப் போவதும், இழப்பீட்டு மனுவைத் தொடர்வதும் அவர் பொறுப்பு. இவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கின்றன. குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்படி ஒரு திறன்மிகு தொழிலாளிக்கு என்ன கூலியோ, அதற்குக் குறையக் கூடாதாம். கூலி வேலை கேவலமில்லை. ஆனால் ஒரு குழந்தையின் சாட்சியம் நிற்பதும் விழுவதும் பல நேரம் இவரைப் பொறுத்தது.

தேவை எவ்வளவு என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அவருடைய அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 25 லட்ச ரூபாய் வழங்கச் சொன்னது, விசாரணையைப் பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட குழுவிடம் கொடுத்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்குத் தண்டனையும் வந்தது. நாடே பார்த்த வழக்கு என்பதால் இந்த வேகம். செய்தியில் வராத வழக்குகளில் இழப்பீடு என்று ஒன்று இருப்பதையே ஒருவர் வந்து சொன்னால்தான் குடும்பத்துக்குத் தெரியும்.

சிறைப் பக்கமும் ஆள் தேவைதான். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் ஷூரிட்டிக்கு ஆளில்லாமல் உள்ளே கிடப்பவர்கள் அவர்களில் உண்டு. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘பிரயாஸ்’ 1990 முதல் சிறைகளுக்குள் சமூகப் பணியாளர்களை அனுப்புகிறது. இங்கே, குற்றவியல் படித்த கே.ஆர். ராஜா தொடங்கிய ‘குளோபல் நெட்வொர்க் ஃபார் ஈக்வாலிட்டி’ கைதிகளின் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறது. புழல் சிறையில் மனு போட்டு அப்பாவைப் பார்க்க வரும் பிள்ளை எந்தக் குற்றமும் செய்யவில்லை, ஆனால் பள்ளியில் அதற்கென்று ஒரு பட்டப்பெயர் காத்திருக்கும்.

குற்றவியல், சமூகப் பணி படித்து வருகிறவர்களில் ஒரு பகுதியினர் கார்ப்பரேட் நிறுவனங்களின் மோசடி தடுப்புப் பிரிவுக்கோ, வேலைக்குச் சேர்பவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் கம்பெனிகளுக்கோ போய்விடுகிறார்கள். வீட்டு வாடகை கட்ட வேண்டுமே, குறை சொல்ல முடியாது. சேவை மையத்தில் சேர்கிறவர்களும் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு இடம் பார்க்கிறார்கள். வழக்கோ அதற்குள் பாதி தூரம்கூடப் போயிருக்காது. அடுத்த வாய்தாவுக்கு முன்னால் புதிதாக ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருவார், பாதிக்கப்பட்ட பெண் நடந்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.