நீரால் வந்த விலையும் நீர்க்குரிய கடனும்

மனையின் விலையை மண் மட்டும் வரையறுப்பதில்லை. அருகிலுள்ள நீரும் வரையறுக்கின்றது. தமிழ உழவன் இதனை என்றோ அறிந்திருந்தான். ஏரிநீர் பாயும் நன்செய்க்கு ஒரு விலை. வானம் பார்த்த புன்செய்க்கு வேறு விலை. ஆயின், நன்செய் உடையானுக்கு ஒரு கடனும் இருந்தது. தூர் வாரவும், கரை உயர்த்தவும், மதகு செப்பனிடவும் அவன் வீட்டினின்று ஆள் வந்தாக வேண்டும். நீரால் வந்த பயனும் நீர்க்குரிய கடனும் ஒரே கையில் இருந்தன.

நகரமோ பயனை வைத்துக்கொண்டு கடனைக் கைவிட்டது. சென்னையே இதற்குச் சான்று. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியை வடித்தே தியாகராயர் நகர் எழுப்பப்பெற்றது. நுங்கம்பாக்கத்து ஏரியும் பின்னர்த் தூர்க்கப்பட்டது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவர்க்கு 1976-இல் திறக்கப்பெற்ற கோட்டமே அவ்வேரி நிலத்தின்மேல்தான் நிற்கின்றது! மேலை மாம்பலத்தில் ‘லேக் வியூ’ எனும் பெயரில் இன்றும் ஒரு சாலை உண்டு. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. பழவந்தாங்கலில் மனை வாங்குவோருள், தாங்கல் என்பது ஏரியைக் குறிக்கும் தமிழ்ச்சொல் என்பதை எத்தனை பேர் அறிவர்? நீரை இழந்த ஊர், நீர்க்குரிய சொல்லையும் மறந்தது.

விளைவு என்ன? 2015-இல் வேளச்சேரி வீடுகளுக்குள் வெள்ளம். 2019 கோடையில் தெருவெங்கும் வெறுங்குடங்கள். நீர் தங்க இடமில்லாத ஊரில் வெள்ளமும் வறட்சியும் உடன்பிறப்புகளே.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 2015 வெள்ளத்தின்பின் ஆற்றங்கரை ஏழையர் பலர் அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டனர். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பே! நீரருகே செல்வர் வாழ்ந்தால் அது விலையேற்றம். ஏழையர் வாழ்ந்தால் அது வன்கவர்வாம்!

2016-இல் சேத்துப்பட்டு ஏரி பூங்காவாகத் திறக்கப்பெற்றது. மழைநீரை உறிஞ்சும் பூங்காக்களை மாநகராட்சியும் அமைத்துள்ளது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆனால், ஊர்ப்பணத்தால் அமையும் நீர்நிலையால் அருகிலுள்ள வீட்டின் விலை ஏறுமாயின், அவ்வேற்றம் உடையவனின் உழைப்பால் வந்ததன்று, ஊர் தந்தது. ஆகலின், ஆவணம் பதியும்போதே அதில் ஒரு பங்கு அந்நீர்நிலையின் காப்புக்குச் செல்லுதல் வேண்டும். வரத்துக்காலும் கலிங்கும் மனையாகப் பதியப்படுதல் கூடாது. விலையேற்றத்தைக் காட்டி ஏழையரை விரட்டுதலும் கூடாது.

ஏரியைக் காட்டி விலை கூறுவோர், ஏரியைக் காக்கவும் கடன்பட்டோர். அக்கடனை மறுப்போர்க்கு அப்பயனில் உரிமையில்லை.