காசாளரைச் சந்தேகிக்கும் முன் லொக் பதிவேட்டைப் பாருங்கள்

கடைக் கல்லாவில் மாலையில் 5,000 ரூபா குறைந்தால் நாம் முதலில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத்தான் புரட்டுவோம். அதில் விடை கிடைக்காத பிறகே ஆட்களை விசாரிப்போம். இது வியாபாரத்தின் ஒழுங்கு. ஆனால் அதே கடை இணையத்தளத்தில் ஓடர் எடுக்கத் தொடங்கியதும் இந்த ஒழுங்கை நம்மில் பலர் மறந்து விடுகிறோம். கம்பியூட்டர் பொய் சொல்லாது என்று எண்ணி, கணக்கு இடித்தால் நேரே காசாளர் பையனைத்தான் பார்க்கிறோம்.

2020 மார்ச் மாத ஊரடங்கோடு களுபோவில, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் சிறிய கடைகளும் இணையத்தில் ஓடர் எடுக்கப் பழகின. வெப்சைட் செய்து தந்தவரிடம் நாம் விலையைக் கேட்டோம், நிறத்தைக் கேட்டோம். "தரவுத்தளத்தோடு தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும்? அது எங்கே பதிவாகும்?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

விடயம் இதுதான். வாடிக்கையாளர் ஓடரை அழுத்தியதும் வெப்சைட்டில் உள்ள ஒரு சிறிய நிரல் தரவுத்தளத்தைத் திறந்து, எழுதி, மூடுகிறது. இது ஒரு நொடிக்குள் முடியும் வேலை. அந்த நொடியில் தொடர்பு கிடைக்காமல் போகலாம். உதாரணமாக, பலரும் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், யாரும் மாற்றி அமைக்காவிட்டால், ஒரே நேரத்தில் 151 தொடர்புகளையே ஏற்கும். பெருநாள் வாரத்து நெரிசலில் அது நிறைந்தால் அடுத்து வருபவருக்குக் கதவு மூடப்படும். அதற்குள் வங்கி வாடிக்கையாளரின் கார்டிலிருந்து பணத்தை எடுத்திருக்கும். பணம் உண்டு, ஓடர் இல்லை.

இந்த இடத்தில் மோசமான நிரல் இரண்டில் ஒன்றைச் செய்யும். ஒன்று, தவறை விழுங்கிவிட்டு "நன்றி, உங்கள் ஓடர் கிடைத்தது" என்று காட்டும். மற்றது, அட்டவணைப் பெயர், கோப்பு இருக்கும் இடம் உட்பட முழுப் பிழைச் செய்தியையும் வாடிக்கையாளரின் திரையில் கொட்டும். முன்னது நமது நாணயத்தைக் கெடுக்கும். பின்னது திருடனுக்கு வீட்டு வரைபடத்தைக் கொடுப்பதற்குச் சமம்.

நல்ல நிரல், வாடிக்கையாளருக்கு எளிய செய்தியையும் ஓர் இலக்கத்தையும் காட்டும். முழு விபரத்தையும் திகதி, நேரத்தோடு லொக் பதிவேட்டில் எழுதும். கடைக்காரருக்கும் அறிவிக்கும். கையிருப்பைக் குறைப்பதும் ஓடரை எழுதுவதும் இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக் கூடாது என்ற ஏற்பாடும் அதில் இருக்கும். பிஎச்பி மொழியில் மைஎஸ்கியூஎல்லை அணுகும் மைஎஸ்கியூஎல்ஐ என்ற பகுதி, 2021இல் வந்த 8.1 பதிப்பிலிருந்துதான் தவறு நேர்ந்தால் தானாகவே சத்தம் போடுகிறது. அதற்கு முந்திய பதிப்புகளில், நிரல் எழுதுபவர் கவனித்துச் சோதிக்காவிட்டால் தவறு மௌனமாகவே கடந்து போகும். பழைய வெப்சைட் வைத்திருப்போர் இதைக் கேட்டறிவது அவசியம்.

பதிவேடு எவ்வளவு பெறுமதியானது என்பதற்குப் பிரித்தானியத் தபால் நிலைய வழக்குகள் சாட்சி. ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் மென்பொருள் காட்டிய பணக் குறைவை நம்பி, 1999 முதல் 2015 வரை 900இற்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். இவர்களில் பலர் நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்கள், தெற்காசியரும் பலர். சிலர் சிறை சென்றார்கள், சிலர் சொத்தை இழந்தார்கள். மென்பொருளின் முழுப் பதிவுகளைப் பார்க்கும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. 2019இல்தான் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்ததாகவும், கடைக்காரருக்குத் தெரியாமலே வெளியிலிருந்து கணக்கை மாற்ற முடிந்ததாகவும் தீர்ப்பளித்தது. 2024இல் தனிச் சட்டம் இயற்றியே பெருந்தொகையான தண்டனைகள் நீக்கப்பட்டன. இழந்த ஆண்டுகளை எந்தச் சட்டம் திருப்பித் தரும்?

பதிவேடு ஒரே இடத்தில் மட்டும் இருந்தாலும் ஆபத்துத்தான். 2023 ஓகஸ்டில் நமது நாட்டின் லங்கா அரச கிளவுட் மீது நடந்த கப்பத் தாக்குதலில், அங்கேயே இருந்த பிரதிகளும் சேர்ந்து பூட்டப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால் நமது கடைக்கு?

"இதெல்லாம் செலவு, சிறு கடைக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பிழைகளை எழுதி வைக்கும் வசதி மொழியோடும் தரவுத்தளத்தோடும் இலவசமாகவே வருகிறது. அதை முடுக்கி விடுவதற்குத்தான் ஆள் வேண்டும். ஒவ்வொரு அசைவையும் தடம் பிடிக்கும் விரிவான பதிவு வேகத்தைக் குறைக்கும், இடத்தை நிரப்பும் என்பது உண்மை. அதைக் கோளாறு தேடும் நேரத்தில் மட்டும் திறந்து, பிறகு மூடி விடலாம். கடவுச்சொல்லும் கார்ட் இலக்கமும் அதில் தங்கிவிடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எனவே வியாபாரிகளே, வெப்சைட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் நான்கு நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். லொக் பதிவேடு கடை உரிமையாளருக்குச் சொந்தம். அதன் பிரதி இணையத்தோடு தொடுக்கப்படாத வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும். வங்கி காட்டும் வரவையும் தரவுத்தள ஓடர்களையும் தினமும் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்க வேண்டும். வெளியாள் யாராவது உள்ளே நுழைந்து கணக்கை மாற்றினால் அவர் பெயரும் நேரமும் பதிவாக வேண்டும்.

நாணயமான ஊழியர் கிடைப்பது இக்காலத்தில் எளிதல்ல. ஒரு நிரலின் பிழைக்காக அப்படிப்பட்ட ஒருவர் தலைகுனிந்து வெளியேறினால், அந்த நட்டத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.